வென்செஸ்லாஸ் ஹொல்லர்

வென்செஸ்லாஸ் ஹொல்லர் (1607 – 1677) பொஹீமியாவில் பிறந்து, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்த அச்சோவியர் ஆவார். செக் மொழியில் இவர் வாத்ஸ்லாவ் ஹொல்லர் என அழைக்கப்படுகிறார். செப்புத் தகட்டில் அமிலத்தைக் கொண்டு கோடுகளை உருவாக்கி அச்சிடும் முறையில் 17 ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இவர் உருவாக்கிய தகடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,700 ஆகும்.

இங்கிலாந்தின் டியூடர், ஸ்டூவர்ட் அரச குடும்பத்தினரின் உருவங்களை ஓவியங்களிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஹொல்லர் முக்கியமானவர். அரண்மனைச் சுவர்களில் மட்டுமே இருந்த முகங்கள், இவரைப் போன்றவர்களின் உழைப்பால் கடைவீதியில் விற்கும் தாள்களாக மாறின. அரச குடும்பத்தின் உயர்வு தாழ்வுகள் ஹொல்லரின் சொந்த வாழ்க்கையையும் பலமுறை புரட்டிப் போட்டன. அரசரின் பணியாளர் என்ற பட்டத்தைப் பெற்றிருந்தும் இவர் வறுமையிலேயே இறந்தார்.

பிறப்பும் இளமையும்

ஹொல்லர் 1607 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிராக் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் ஹொல்லர் நிலப் பதிவுகள் தொடர்பான அரசு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். பேரரசர் இரண்டாம் ருடால்பினால் பிரபு நிலைக்கு உயர்த்தப்பட்டவர். அக்காலத்தில் பிராக் நகரம் பேரரசரின் இருப்பிடமாகவும், ஓவியர்களும் அச்சோவியர்களும் கூடும் இடமாகவும் விளங்கியது. அரசவை அச்சோவியராக இருந்த ஏகிடியுஸ் சாடலரின் பணிகள் இளம் ஹொல்லரைக் கவர்ந்திருக்கக்கூடும் என நம்பப்படுகிறது. தந்தை இவரைச் சட்டத்துறையில் ஈடுபடுத்த விரும்பினார் எனினும், இவரது நாட்டம் ஓவியத்திலேயே இருந்தது. 1625 ஆம் ஆண்டிலேயே இவர் சிறு அச்சோவியங்களை உருவாக்கத் தொடங்கிவிட்டார். தொடக்ககாலப் பணிகளில் ஆல்பிரெக்ட் டியூரரின் தாக்கம் தெளிவாகக் காணப்படுகிறது.

ஹொல்லரின் சிறுவயதிலேயே இங்கிலாந்து அரச குடும்பம் அவரது நகருக்குள் நுழைந்தது. 1619 ஆம் ஆண்டு பொஹீமியப் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் பலட்டினேட் இளவரசர் ஐந்தாம் பிரெடரிக்கைத் தமது அரசராகத் தேர்ந்தெடுத்தனர். பிரெடரிக்கின் மனைவி எலிசபெத், இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்சின் மகள் ஆவார். இருவருக்கும் அவ்வாண்டு நவம்பரில் பிராக்கில் முடிசூட்டப்பட்டது. அவர்களது மகன் ரூப்பர்ட் அடுத்த மாதம் அதே நகரில் பிறந்தார். ஓராண்டுக்குள், 1620 நவம்பர் 8 அன்று, நகருக்கு வெளியே நடந்த வெள்ளை மலைப் போரில் பிரெடரிக் தோல்வியுற்றுத் தப்பியோடினார். ஒரு குளிர்காலம் மட்டுமே ஆண்டதால் இவ்விருவரும் "குளிர்கால அரசர்", "குளிர்கால அரசி" எனப் பெயர் பெற்றனர். 1621 ஜூன் மாதம் கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். அப்போது ஹொல்லருக்கு வயது பதின்மூன்று.

இப்போரினால் ஹொல்லரின் குடும்பம் சொத்துகளை இழந்தது என ஆங்கில எழுத்தாளர் ஜான் ஓப்ரி பின்னர் எழுதினார். இக்கூற்றை ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். எவ்வாறாயினும், 1627 ஆம் ஆண்டில் ஹொல்லர் பிராக்கை விட்டு வெளியேறினார்.

ஜெர்மனியில் பயிற்சி

முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஹொல்லர் ஜெர்மானிய நகரங்களில் வேலை தேடி அலைந்தார். ஸ்டுட்கார்ட், ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய இடங்களில் தங்கியபின் பிராங்க்பர்ட் நகரில் மத்தேயஸ் மெரியனின் பட்டறையில் பணியாற்றினார். மெரியன் நகரக் காட்சிகளை அச்சிட்டு வெளியிடுவதில் பெயர் பெற்றவர். உயரமான ஓரிடத்திலிருந்து ஒரு நகரத்தை வீடு வீடாகப் பார்த்து வரையும் முறையை ஹொல்லர் இங்கு பழகினார். பின்னர் கொலோன் நகருக்குச் சென்று சிறு நிலக்காட்சிகளை அச்சிட்டு விற்று வாழ்ந்தார்.

அரண்டேல் பிரபுவுடன் பயணம்

1636 ஆம் ஆண்டு ஹொல்லரின் வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்தது. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்சின் தூதராக அரண்டேல் பிரபு தாமஸ் ஹோவர்ட், பேரரசர் இரண்டாம் பெர்டினான்டைக் காண வியன்னாவுக்குப் பயணமானார். பிராக்கில் தோல்வியுற்ற பிரெடரிக்கின் குடும்பத்துக்குப் பலட்டினேட் நிலப்பகுதிகளை மீட்டுத்தருமாறு கேட்பதே தூதின் நோக்கம். பிரெடரிக் 1632 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அவரது மூத்த மகன் முதலாம் சார்ல்சின் சகோதரி மகன் ஆவார்.

அரண்டேல் பிரபு அக்கால இங்கிலாந்தின் மிகப்பெரிய கலைப்பொருள் சேகரிப்பாளர்களுள் ஒருவர். கொலோனில் ஹொல்லரைச் சந்தித்த அவர், வழியிலுள்ள காட்சிகளை வரைவதற்காக அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அமிலத்தைக் கொண்டு விரைவாகவும் உயிர்த்துடிப்புடனும் படங்களை உருவாக்கும் ஒருவர் தன்னுடன் இருப்பதாகப் பயணத்தின்போது எழுதிய கடிதமொன்றில் அவர் மகிழ்ச்சியுடன் குறிப்பிட்டார். குழு ரைன், டான்யூப் ஆறுகளின் வழியே வியன்னாவை அடைந்து, பிராக் நகருக்கும் சென்றது. இதனால் ஹொல்லர் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தன் பிறந்த ஊரைக் கண்டார். தூது வெற்றி பெறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஹொல்லர் பிரபுவுடன் லண்டனை வந்தடைந்தார்.

இங்கிலாந்தில் முதல் காலம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்த அரண்டேல் மாளிகையில் ஹொல்லர் தங்கினார். பிரபுவின் சேகரிப்பிலுள்ள ஓவியங்களையும் வரைபடங்களையும் அச்சுக்குக் கொண்டுவருவது இவரது பணியாகும். எனினும் வெளியாருக்கும் இவர் வேலை செய்தார். 1637 ஆம் ஆண்டு வெளியான கிரினிச் காட்சிக்காகப் பதிப்பாளர் பீட்டர் ஸ்டென்ட் இவருக்கு 30 ஷில்லிங் மட்டுமே தந்ததாகக் கூறப்படுகிறது. 1640 ஆம் ஆண்டு ஆங்கிலப் பெண்களின் உடைகளைக் காட்டும் 26 படங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். மென்மயிர்க் கையுறைகள், பெண்களின் உருவில் அமைந்த நான்கு பருவங்கள் ஆகியவற்றைக் காட்டும் அச்சுகளும் 1640களில் வெளிவந்தன.

1641 ஆம் ஆண்டு ஹொல்லர், அரண்டேல் பிரபுவின் மனைவிக்குப் பணிவிடை செய்துவந்த மார்கரெட் டிரேசியை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். இளவரசர் சார்ல்சுக்கு, அதாவது பிற்கால இரண்டாம் சார்ல்சுக்கு, ஹொல்லர் ஓவியம் கற்பித்தார் என்ற மரபுச் செய்தியும் உண்டு. இளவரசரின் தம்பியான யார்க் கோமகன் ஜேம்சின் வீட்டுப் பணியாளராக இவர் சிறிது காலம் இருந்தார் என்பது, ஆண்ட்வெர்ப்பில் வெளியான இவரது சொந்த உருவப்படத்தின் கீழுள்ள குறிப்பிலிருந்து தெரியவருகிறது.

அரச உருவப்பட அச்சுகள்

இங்கிலாந்தில் அரசர்களின் உருவங்களை அச்சிட்டு விற்கும் வழக்கம் ஹொல்லருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1618 ஆம் ஆண்டு வெளியான பேசிலியோலோகியா என்ற தொகுப்பு, வெற்றிவீரர் வில்லியம் முதல் முதலாம் ஜேம்ஸ் வரையிலான ஆட்சியாளர்களின் உருவங்களைக் கொண்டிருந்தது. ரெனோல்ட் எல்ஸ்ட்ராக் இதிலுள்ள தகடுகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கினார். நெதர்லாந்திலிருந்து வந்த டி பாஸ் குடும்பத்தினரும் அரச குடும்பத்தினரின் உருவங்களைச் செதுக்கினர்.

இவர்கள் பயன்படுத்தியது உளி முறையாகும். இதில் கூரிய எஃகு உளியால் செப்புத் தகட்டை நேரடியாகக் கீறிக் கோடுகள் உருவாக்கப்படும். இம்முறையில் கோடுகள் தெளிவாகவும் ஒழுங்காகவும் அமையும். ஆனால் அதற்கு நீண்ட பயிற்சியும் கைவலிமையும் தேவை.

ஹொல்லர் முதன்மையாக அமில முறையைப் பின்பற்றினார். இதில் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு பூசப்படும். கலைஞர் ஊசியால் பூச்சின் மீது மட்டும் கோடுகளை இழுப்பார். பின்னர் தகட்டின் மீது அமிலம் படும்போது, பூச்சு நீங்கிய இடங்களில் மட்டும் செம்பு அரிக்கப்படும். நீண்ட நேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழமாகி, அச்சில் கருமையாக விழும். குறைந்த நேரம் அரிக்கப்பட்ட கோடு மென்மையாகத் தெரியும். இறுதியில் பூச்சை நீக்கி, கோடுகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி அச்செடுப்பர். ஊசி தாளில் எழுதுகோல் ஓடுவது போல எளிதாக ஓடுவதால், பட்டின் பளபளப்பு, சரிகைப் பின்னல், மென்மயிர், தலைமுடி ஆகியவற்றை ஹொல்லரால் மிக நுட்பமாகக் காட்ட முடிந்தது.

அச்சோவியர்கள் பொதுவாக அரசரை நேரில் அமர்த்தி வரைவதில்லை. ஓவியர் தீட்டிய உருவத்தையே தகட்டில் பெயர்த்தனர். முதலாம் சார்ல்சின் அரசவை ஓவியர் அந்தோனி வான் டைக் 1632 முதல் 1641 இல் இறக்கும் வரை பெரும்பாலும் லண்டனிலேயே பணிபுரிந்தார். அரசரும் அரசி ஹென்றியெட்டா மரியாவும் உலகுக்கு எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை வான் டைக்கின் ஓவியங்களே தீர்மானித்தன. ராபர்ட் வான் வூர்ஸ்ட் போன்றோர் அவற்றைச் செதுக்கினர். ஹொல்லரும் வான் டைக்கின் ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டு அரசர், அரசி, இளவரசர் ஆகியோரின் உருவங்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். தகட்டில் வரைந்தது தாளில் இடவல மாற்றத்துடன் விழும் என்பதால், இத்தகைய அச்சுகளில் உருவம் மூல ஓவியத்துக்கு எதிர்த்திசையில் நோக்குவதும் உண்டு.

ஒரே தகட்டிலிருந்து பல நூறு படிகளை எடுக்க முடியும். ஓவியத்தின் விலையோடு ஒப்பிட இயலாத குறைந்த விலைக்கு அவை விற்கப்பட்டன. அரசரை ஒருபோதும் பார்க்க வாய்ப்பில்லாதவர்களும் அவரது முகத்தை அறிந்துகொண்டனர். நாணயங்களுக்கு அடுத்தபடியாக அரசரின் உருவத்தைப் பரவலாகக் கொண்டுசென்றவை இவ்வச்சுகளே.

ஸ்ட்ராபோர்ட் பிரபு விசாரணை

1641 ஆம் ஆண்டு அரசரின் முதன்மை ஆலோசகர்களுள் ஒருவரான ஸ்ட்ராபோர்ட் பிரபுவை நாடாளுமன்றம் விசாரணைக்கு உட்படுத்தியது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த இவ்விசாரணையை ஹொல்லர் ஓர் அச்சோவியமாக வெளியிட்டார். மண்டபத்திலுள்ளவர்கள் எழுத்துகளால் சுட்டப்பட்டு, அரசர், அரசி, இளவரசர், நீதிபதிகள், குற்றஞ்சாட்டப்பட்டவர் யார் யார் என்ற விளக்கம் தரப்பட்டுள்ளது. அவ்வாண்டு மே 12 அன்று டவர் குன்றில் ஸ்ட்ராபோர்ட் தலை துண்டிக்கப்பட்ட நிகழ்வையும் ஹொல்லர் படமாக்கினார். தன் ஆலோசகரின் மரண ஆணையில் அரசரே கையொப்பமிட நேர்ந்தது.

உருவப்படங்களில் அரசர் தனித்து, உயர்ந்து நிற்கிறார். விசாரணைப் படத்திலோ பெருங்கூட்டத்தின் நடுவே ஓர் எழுத்தால் அடையாளம் காட்டப்படும் சிறு உருவமாகவே இருக்கிறார். இரண்டும் ஒரே கலைஞரின் பணிகளாகும்.

உள்நாட்டுப் போரும் ஆண்ட்வெர்ப் வாழ்க்கையும்

1642 ஆம் ஆண்டு அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அரண்டேல் பிரபு அவ்வாண்டே இங்கிலாந்தை விட்டு வெளியேறி, 1646 இல் இத்தாலியின் பதுவா நகரில் இறந்தார். புரவலரை இழந்த ஹொல்லர் 1644 ஆம் ஆண்டு தன் குடும்பத்துடன் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்றார். அரச படையினருடன் பேசிங் மாளிகை முற்றுகையில் இவரும் இருந்தார் என ஒரு மரபுச் செய்தி கூறினாலும், முற்றுகை முடிந்த 1645 அக்டோபரில் இவர் ஆண்ட்வெர்ப்பில் வாழ்ந்துவந்தார்.

ஆண்ட்வெர்ப்பில் கழித்த எட்டு ஆண்டுகள் ஹொல்லரின் கலைவாழ்வில் மிகவும் வளமானவை. அரண்டேல் சேகரிப்பில் இருந்த ஹான்ஸ் ஹோல்பைனின் பல பணிகளை இவர் அச்சாக்கினார். ஹோல்பைன் எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஆவார். எட்டாம் ஹென்றி, அவரது மனைவியரான ஜேன் சீமோர், கிளீவ்ஸ் ஆன், மகன் ஆறாம் எட்வர்ட் ஆகியோரின் உருவங்களை ஹொல்லர் 1640களின் பிற்பகுதியிலும் 1650 ஐ ஒட்டியும் வெளியிட்டார். இதன்மூலம் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய டியூடர் அரச குடும்பத்தினரின் முகங்கள் அச்சில் பரவின. அரண்டேல் சேகரிப்பு பின்னர் பல நாடுகளுக்குச் சிதறிப்போனது. ஹோல்பைன் வரைந்த பொற்கொல்லர் வேலைப்பாடுகள் சிலவற்றை ஹொல்லரின் அச்சுகள் வழியாகவே இன்று அறிய முடிகிறது. அதே சேகரிப்பிலிருந்த லியோனார்டோ டா வின்சியின் விந்தையான தலை வரைபடங்களையும் இவர் அச்சாக்கினார்.

1647 ஆம் ஆண்டு லண்டன் நகரின் புகழ்பெற்ற நீள்காட்சியை வெளியிட்டார். தேம்ஸின் தென்கரையிலிருந்து நோக்கும் இக்காட்சி பல தகடுகளில் அமைந்தது. தாள்களை ஒட்டினால் அதன் நீளம் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்டதாகும். லண்டனில் வரைந்த குறிப்புகளைக் கொண்டு, கடலுக்கு அப்பால் அமர்ந்து இதை உருவாக்கினார். இதில் குளோப் நாடக அரங்கின் பெயரும், அருகிலிருந்த கரடிச் சண்டைக் கூடத்தின் பெயரும் இடம் மாறியுள்ளன. எனினும் அக்கால லண்டனைக் குறித்த மிகச் சிறந்த சான்றாக இது கருதப்படுகிறது.

அரசரின் மரணமும் உருவப்படங்களின் போரும்

1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்ல்ஸ் லண்டனில் தலை துண்டிக்கப்பட்டார். அரசரே எழுதியதாகக் கூறப்பட்ட ஐகோன் பசிலிகே என்ற நூல் உடனடியாக வெளிவந்து, அவ்வாண்டிலேயே ஆங்கிலத்தில் மட்டும் 35 பதிப்புகளைக் கண்டது. வில்லியம் மார்ஷல் செதுக்கிய அதன் முகப்புப் படத்தில், அரசர் முழந்தாளிட்டு முள்முடியைக் கையில் ஏந்தியிருக்கிறார். மண்ணுலக மகுடம் அவரது காலடியில் கிடக்கிறது. அவர் விண்ணுலக மகுடத்தை நோக்குகிறார். இப்படம் அரசரைத் தியாகியாக மக்கள் மனத்தில் பதித்தது. கவிஞர் ஜான் மில்டன் நாடாளுமன்றத்தின் சார்பில் எழுதிய மறுப்பு நூலுக்கு "உருவத்தை உடைப்பவன்" என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்.

குடியரசுக் காலத்தில் அரசரின் ஓவியங்கள் விற்கப்பட்டன. தகடுகளும் ஆட்சிக்கேற்ப மாறின. வான் டைக்கின் குதிரைவீரர் ஓவியத்தை ஒட்டிப் பியர் லோம்பார்ட் செதுக்கிய தகடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதே குதிரை, அதே கவசம் ஆகியவற்றின் மேல் ஆலிவர் கிராம்வெல்லின் தலையும் முதலாம் சார்ல்சின் தலையும் வெவ்வேறு காலங்களில் செதுக்கப்பட்டன. இடைப்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட ஓர் அச்சில் குதிரைவீரருக்குத் தலையே இல்லை.

ஹொல்லர் அக்காலத்தில் முடியிழந்த இளவரசர் சார்ல்சின் உருவங்களை வெளியிட்டார். ஜான் மெய்சன்ஸ் வரைந்த தன்னுடைய உருவத்தையும் ஹொல்லர் அச்சாக்கினார். அதில் அவர் கையில் ஒரு தகட்டை ஏந்தியிருக்கிறார். பின்புலத்தில் பிராக் கோட்டை தெரிகிறது. பல படங்களில் தன் பெயருடன் பொஹீமியர் என்ற அடையாளத்தையும் இவர் சேர்த்துக் கையொப்பமிட்டார்.

லண்டன் திரும்புதல்

1652 ஆம் ஆண்டு ஹொல்லர் லண்டனுக்குத் திரும்பினார். 1636 இல் முதன்முதலாக வந்தபோது ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி அனைவர் முகத்திலும் மகிழ்ச்சியைக் கண்டதாகவும், திரும்பி வந்தபோது அதே மக்களின் முகங்கள் சூனியம் வைக்கப்பட்டவை போல வாட்டமும் வன்மமும் கொண்டிருந்ததாகவும் ஹொல்லர் தன்னிடம் கூறியதாக ஜான் ஓப்ரி பதிவு செய்துள்ளார்.

இக்காலத்தில் புரவலர் எவரும் இல்லாததால் ஹொல்லர் பதிப்பாளர்களையே நம்பி வாழ்ந்தார். வில்லியம் டக்டேல் எழுதிய ஆங்கில மடங்களின் வரலாறு, வாரிக்சயர் வரலாறு, ஜான் ஓகில்பி மொழிபெயர்த்த வெர்ஜில் ஆகிய நூல்களுக்கு இவர் படங்கள் தந்தார். மணிக்கு நான்கு பென்னி கூலிக்கு வேலை செய்தார் எனவும், வேலை நேரத்தைக் கணக்கிட மணற்கடிகாரத்தை அருகில் வைத்திருந்தார் எனவும் கூறப்படுகிறது. எவரேனும் பேச வந்தால், அந்த நேரம் கணக்கில் சேராதபடி கடிகாரத்தைப் படுக்கையாகச் சாய்த்து வைப்பார் என்று, இவரை நேரில் அறிந்த அச்சோவியர் பிரான்சிஸ் பிளேஸ் நினைவுகூர்ந்தார். முதல் மனைவி மார்கரெட் 1653 இல் இறந்தார். 1656 இல் ஹொல்லர் ஹொனோரா ராபர்ட்சை மணந்தார்.

1658 ஆம் ஆண்டு வெளியான டக்டேலின் புனித பவுல் பேராலய வரலாற்றுக்காக ஹொல்லர் உருவாக்கிய படங்கள் தனிச்சிறப்புடையவை. உள்நாட்டுப் போரில் சேதமடைந்திருந்த பேராலயம் நாள்தோறும் இடிந்துவிழக்கூடும் என்பதால் அதன் நினைவைக் காப்பதற்காக வரைந்ததாக, ஒரு படத்தின் லத்தீன் குறிப்பில் ஹொல்லர் தெரிவிக்கிறார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் பேராலயம் தீயில் அழிந்தது. பழைய பேராலயத்தின் தோற்றத்தை அறிய இப்படங்களே இன்று முதன்மைச் சான்றாக உள்ளன.

முடியாட்சி மீண்ட காலம்

1660 ஆம் ஆண்டு இரண்டாம் சார்ல்ஸ் நாடு திரும்பி அரசரானார். 1661 ஏப்ரல் 23 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் முடிசூட்டு விழா நடந்தது. விழாவையும் அதற்கு முந்தைய நாள் ஊர்வலத்தையும் விளக்கி ஓகில்பி 1662 இல் வெளியிட்ட நூலுக்கு ஹொல்லர் படங்கள் வரைந்தார். நீண்ட வரிசையில் குதிரைகளும் பிரபுக்களும் செல்லும் ஊர்வலப் படமும், மடாலயத்தினுள் அரசர் அமர்ந்திருக்கும் படமும் அதில் உள்ளன. அதே ஆண்டில் ஜான் ஈவ்லின் அச்சோவியக் கலையைப் பற்றி எழுதிய நூலில் ஹொல்லரைப் பாராட்டினார்.

அந்நூலிலேயே மெசொடின்ட் என்ற புதிய முறையையும் ஈவ்லின் ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். பிராக்கில் பிறந்த இளவரசர் ரூப்பர்ட் இம்முறையில் தேர்ந்தவர். இதில் தகடு முழுவதும் முதலில் சொரசொரப்பாக்கப்பட்டு, வெளிச்சம் வேண்டிய இடங்கள் மட்டும் தேய்த்து மழுப்பப்படும். கோடுகளே இல்லாமல் ஓவியத்தின் ஒளிநிழலைக் காட்ட முடிந்ததால், காலப்போக்கில் அரச உருவப்படங்களுக்கு இம்முறையே பெரிதும் விரும்பப்பட்டது. உளி முறையில் வில்லியம் பெய்தோர்ன், ராபர்ட் வைட் ஆகியோர் அரச குடும்ப உருவங்களால் புகழ்பெற்றனர். ஹொல்லரின் நேரம் மேலும் மேலும் வரைபடங்களிலும் நூற்படங்களிலும் செலவாயிற்று.

1665 ஆம் ஆண்டு லண்டனைத் தாக்கிய கொள்ளைநோயில் ஹொல்லரின் மகன் இறந்தார். மகனும் ஓவியத் திறன் கொண்டவர் எனக் கூறப்படுகிறது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று தொடங்கிய பெருந்தீயில் 13,000 க்கும் மேற்பட்ட வீடுகளும் 87 ஆலயங்களும் அழிந்தன. எரிந்த பகுதியை அளந்து வரையும் பணி அரசரால் ஹொல்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. தென்கரை ஆலயக் கோபுரத்திலிருந்து கண்ட நகரை, தீக்கு முன்னும் பின்னும் என இரண்டு காட்சிகளாக ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளியிட்டார். இதையடுத்து அரசரின் காட்சி வரைவாளர் என்ற பட்டம் இவருக்குக் கிடைத்தது. ஆயினும் அப்பட்டம் இவரது வறுமையைப் போக்கவில்லை.

டான்ஜியர் பயணம்

வட ஆப்பிரிக்காவின் டான்ஜியர் நகரம், இரண்டாம் சார்ல்சை மணந்த போர்த்துகல் இளவரசி கத்தரீனின் சீதனமாகப் பம்பாயுடன் இங்கிலாந்துக்குக் கிடைத்தது. 1669 ஆம் ஆண்டு அரண்டேல் பிரபுவின் பேரன் ஹென்றி ஹோவர்ட் மொரோக்கோவுக்குத் தூதராகச் சென்றபோது, கோட்டையையும் நகரையும் வரைவதற்காக அறுபது வயதைக் கடந்த ஹொல்லரும் உடன் சென்றார். திரும்பும் வழியில் இவர் பயணம் செய்த மேரி ரோஸ் என்ற கப்பலை ஏழு அல்ஜீரியக் கப்பல்கள் தாக்கின. தலைவர் ஜான் கெம்ப்தோர்ன் அவற்றை எதிர்த்துப் போரிட்டு மீண்டார். இச்சண்டையையும் ஹொல்லர் படமாக்கினார். பயணத்துக்காக இவருக்கு 100 பவுண்டு வழங்கப்பட்டது.

இறுதிக் காலம்

இறுதி ஆண்டுகளிலும் ஹொல்லர் ஓய்வின்றி உழைத்தார். இலையாஸ் ஆஷ்மோல் 1672 இல் வெளியிட்ட கார்ட்டர் வீரர் அமைப்பின் வரலாற்றுக்கு வின்ட்சர் கோட்டைக் காட்சிகளை வரைந்தார். பிரான்சிஸ் சாண்ட்போர்ட் எழுதி 1677 இல் வெளியான இங்கிலாந்து அரசர்களின் குலவரலாற்றில், அரச கல்லறைகளைக் காட்டும் இவரது படங்கள் இடம்பெற்றன.

ஹொல்லர் 1677 மார்ச் 25 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் இறந்தார். கடனுக்காகப் பொருள்களைப் பறிமுதல் செய்ய வந்த அலுவலர்களிடம், படுத்திருக்கும் கட்டிலையாவது தான் இறக்கும் வரை விட்டுவைக்குமாறு இவர் வேண்டிக்கொண்டார் என்று கூறப்படுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தை அடுத்துள்ள புனித மார்கரெட் ஆலயத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. முடிசூட்டு விழாவை இவர் படமாக்கிய இடம் அதற்கு மிக அருகிலேயே உள்ளது.

மதிப்பீடு

ஹொல்லரின் உருவப்படங்கள் ஒருவரின் உள்ளத்தை வெளிப்படுத்துவதைவிட, கண்முன் உள்ளதைத் துல்லியமாகப் பதிவு செய்வதில் சிறந்தவை என மதிப்பிடப்படுகிறது. அரசியின் சரிகைக் கழுத்துப்பட்டைக்குத் தந்த அதே கவனத்தை ஒரு சிப்பிக்கும் இவர் தந்தார். அரசர்களின் தோற்றம், அவர்களது மாளிகைகள், விழாக்கள், கல்லறைகள் ஆகிய அனைத்தும் இவரது தகடுகளில் இடம்பெற்றுள்ளன. ஓவியங்கள் விற்கப்பட்டு, சேகரிப்புகள் சிதறி, நகரமே எரிந்த ஒரு நூற்றாண்டில், பல இடங்களில் பரவியிருந்த மலிவான தாள்கள் தப்பிப் பிழைத்தன. இதனால் 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஆராய்வோருக்கு ஹொல்லரின் பணி இன்றியமையாததாக உள்ளது.

எனினும் இவரது அரச உருவங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது கவனம் தேவை. ஹொல்லர் எட்டாம் ஹென்றியைக் கண்டவர் அல்லர். ஹோல்பைன் கண்ட ஹென்றியையே அச்சாக்கினார். வான் டைக்கின் முதலாம் சார்ல்சும் அவ்வாறே, அரசவை விரும்பிய தோற்றத்தில் அமைந்தவர். பழைய தகடுகள் ஹொல்லரின் மறைவுக்குப் பின்னரும் பதிப்பாளர்களிடம் கைமாறி மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டதால், தேய்ந்த தகட்டிலிருந்து எடுத்த படிகளில் நுண்கோடுகள் மங்கியிருக்கும். தொடக்கப் படிகளே கலைஞரின் திறனைச் சரியாகக் காட்டுகின்றன.

பட்டியல்களும் தொகுப்புகளும்

ஹொல்லரின் அச்சுகளை முதன்முதலில் பட்டியலிட்டவர் ஜார்ஜ் வெர்ட்யூ ஆவார். அவரது நூல் 1745 இல் வெளியானது. 1853 இல் ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் பார்தி விரிவான பட்டியலை வெளியிட்டார். 1982 இல் ரிச்சர்ட் பென்னிங்டனின் பட்டியல் வெளிவந்தது. பார்தியின் எண்களே ஹொல்லரின் அச்சுகளைக் குறிக்க நெடுங்காலம் பயன்பட்டன.

இவரது அச்சுகளின் பெரிய தொகுப்புகள் லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகம், வின்ட்சரிலுள்ள அரச சேகரிப்பு, பிராக் தேசியக் காட்சியகம், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிஷர் அரிய நூல் நூலகம் ஆகியவற்றில் உள்ளன. 1917 ஆம் ஆண்டு பிராக்கில் தொடங்கப்பட்ட செக் அச்சோவியர் சங்கம் ஹொல்லரின் பெயரைத் தாங்கியுள்ளது. லண்டன் தென்கரையிலுள்ள சதக் பேராலயத்தில் இவருக்கு ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. பெருந்தீக்கு முன்னும் பின்னும் லண்டனை ஹொல்லர் நோக்கி வரைந்தது இவ்வாலயத்தின் கோபுரத்திலிருந்தே ஆகும்.